பழசுக்கு ஆறு, புதுசுக்கு ஆறு

ஸ்தனிஸ்லாஸுக்கு மல்லிகைப் பூ வாசம் மூக்கில் ஏறினாலே குமட்டும். வெளியே சொல்ல முடியாது. சோறு போடுவது மல்லிகை. நிலக்கோட்டைச் சுற்றுவட்டாரத்து மொட்டுகளையெல்லாம் வாங்கி, ஐஸ் வைத்துப் பெட்டியில் அடைத்து, சிங்கப்பூருக்கு விமானம் ஏற்றுகிற சோலைமலையின் திண்டுக்கல் கம்பெனியில் கம்ப்யூட்டர் சமாச்சாரம் முழுக்க அவர் தலையில். முன்பு திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தி, அது படுத்த பிறகு நாற்பத்து மூன்று வயதில் இங்கே வந்து சேர்ந்தவர். அதனால் முதலாளி அவரை ‘வாத்தியாரே’ என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று ஸ்தனிஸ்லாஸ் மனசுக்குள் நிறுத்துப் பார்த்ததுண்டு. மரியாதை நூறு கிராமுக்கு மேல் தேறவில்லை.

உண்மையில் குமட்டல் பூவால் வந்ததில்லை. அந்த அலுவலகத்து மனிதர்களால் வந்தது. பூ பாவம், கூடவே இருந்ததால் பழி சுமந்தது.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் ஒரு சாப்ட்வேர். ஏற்றுமதிக் காகிதங்களைத் தயாரிப்பது. எத்தனை பெட்டி, என்ன எடை, யாருக்குப் போகிறது என்று அடித்தால் கோப்பு ஒன்று போட்டுக் கொடுக்கும். அதில் பழசு ஒன்று, புதுசு ஒன்று. திருச்சி விமான நிலையத்தில் நம் பெட்டிகளை ஏற்றிவிடும் ஏஜெண்டின் கம்ப்யூட்டருக்குப் பழசு போட்ட கோப்புதான் புரியும். புதுசுக்கு மாறச் சொன்னால், “நீங்க வேணா ஏஜெண்டை மாத்திக்கிருங்க” என்பார். 2006 தை மாதத்திலிருந்து சிங்கப்பூர்க்காரர் புதுசு போட்ட கோப்பைத்தான் வாங்குவேன் என்றுவிட்டார். ஆக, ஒரே பெட்டி பூவுக்குப் பழசிலும் எழுத வேண்டும், புதுசிலும் எழுத வேண்டும்.

எழுதிவிடலாம். ஆனால் இரண்டும் ஒரே கம்ப்யூட்டரில் குடியிருக்காது. இரண்டுக்குள்ளும் ஒரே பெயரில் ஒரு கோப்பு உண்டு. கடைசியாகக் குடிவந்தது தன்னுடையதை வைத்துவிட்டு மற்றதன் கோப்பைத் தூக்கித் தெருவில் எறிந்துவிடும். புதுசைப் போட்டால் பழசு திறக்காது. பழசைத் திரும்பப் போட்டால் புதுசு செத்துப்போகும். ஒரே சர்வே நம்பருக்கு ஆளுக்கொரு பட்டா வைத்திருக்கிற பங்காளிகள் மாதிரி. மாசி மாதம் முழுக்க ஸ்தனிஸ்லாஸ் காலையில் ஒன்றை அழித்து மத்தியானம் இன்னொன்றை அழித்து, இருபத்திரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் கருமாதி செய்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் மதுரையிலிருந்து அப்பாஸை அழைத்து வந்தார். அப்பாஸ் நல்ல தொழில்காரர். தன் அலுவலகத்தில் இரண்டு பெரிய கம்ப்யூட்டர்களை வைப்பதாகவும், ஒன்றில் பழசு, ஒன்றில் புதுசு ஓடும் என்றும் சொன்னார். “சமையல் எல்லாம் மதுரையில முதலாளி. திண்டுக்கல்ல இலை மட்டும் விரிச்சா போதும். உங்க ஆளுங்க திரையில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல தெரியும். ஒண்ணை ஒண்ணு தொடாது, அடிச்சுக்காது.”

சோலைமலைக்குப் பிடித்துவிட்டது. பிடித்துப்போனதை முகத்தில் காட்டுவது அவர் வம்சத்திலேயே கிடையாது. அப்பா ஒட்டன்சத்திரம் சந்தையில் மாட்டுத் தரகர். மகன் குளிர்சாதன அறைக்கு வந்த பிறகும் தோளில் துண்டு இல்லாமல் பேரம் பேச மாட்டார்.

“எத்தனை பேருக்கு?” என்றார்.

“இருபத்திரண்டு பேர் இருக்காங்க. அது போக, நிலக்கோட்டை ஷெட்டுல பூவைப் பெட்டி கட்டி அனுப்புற ஏஞ்சலின் ஒண்ணு. பழசுல இருபது இடம், புதுசுல இருபது இடம் வாங்கிட்டா நல்லது” என்றார் ஸ்தனிஸ்லாஸ். ஒரே நேரத்தில் எத்தனை பேர் உள்ளே உட்காரலாம் என்பதுதான் இடம். இடத்துக்குத்தான் கட்டணம்.

சோலைமலை, சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற மாதிரி, துண்டை எடுத்து அப்பாஸின் கைமேல் போட்டு, அடியில் விரலைப் பிடித்தார். கம்ப்யூட்டர் படித்த அப்பாஸ் முதலில் கையை இழுக்கப் பார்த்தார். பிறகு விரல் கணக்கு புரிந்து அவரும் அழுத்த ஆரம்பித்தார். கால் மணி நேரம் துண்டுக்கடியில் யுத்தம் நடந்தது. துண்டு விலகியபோது பழசுக்கு ஆறு இடம், புதுசுக்கு ஆறு இடம்.

“முதலாளி, இருபத்திரண்டு பேருக்கு ஆறு எப்பிடிப் பத்தும்?”

“வாத்தியாரே, இருபத்திரண்டு பேரும் ஒரே நேரத்துலயா டீ குடிக்கிறாங்க? ஆறு டம்ளர் போதும். கழுவிக் கழுவிக் குடிப்பாங்க.”

“டம்ளரைக் கீழ வச்சாத்தானே முதலாளி கழுவ முடியும்” என்றார் அப்பாஸ், வலித்த விரலைத் தடவிக்கொண்டே.

சோலைமலை அதைக் காதில் வாங்கவில்லை. ஸ்தனிஸ்லாஸைப் பார்த்து, “இது நீங்க கொண்டுவந்த ஏற்பாடு. ஒரு பெட்டி பூ கம்ப்யூட்டரால நின்னுச்சுன்னா மறுநா நீங்க வர வேண்டாம். சரிதான?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்போடு அவர் ஏற்கெனவே இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார். இந்த வயதில் இந்த ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆளுக்கு இன்னொரு வேலை தேடுவது எப்படியென்று ஸ்தனிஸ்லாஸுக்குத் தெரியும். தேடிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தார். வீட்டில் ஐரினுக்குத் தனியார் பள்ளிக்கூடச் சம்பளம். மகன் பாலிடெக்னிக்கில். அவர் தலையை ஆட்டினார்.

தாடிக்கொம்பிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர் அவர். பஸ் நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குடை எல்லாம் உள்ளே பறக்கும். சீட்டில் துண்டு விழுந்துவிட்டால் அது பத்திரப்பதிவு முடிந்த மாதிரி. துண்டுக்காரன் கீழே நின்று பீடி குடித்து முடித்து வரும்வரை கர்ப்பிணிகூட நிற்க வேண்டும். இதைப் பார்த்து முகம் சுளித்தபடி தினமும் நின்றுகொண்டே வந்தவருக்கு, தன் அலுவலகமும் ஒரு பஸ்தான் என்று மட்டும் உறைக்காமல் போய்விட்டது.

முதல் வாரம் இருபத்திரண்டு பேரும் ஒன்பது மணி அலுவலகத்துக்கு எட்டரைக்கே வந்தார்கள். ‘என்ன சுறுசுறுப்பு’ என்று பூரித்துப் போனார். சுறுசுறுப்பு இல்லை. இடம் பிடிக்க வந்தவர்கள். பழசில் நுழைந்தவன் மாலைவரை வெளியே வரவில்லை. வேலை இருக்கிறதோ இல்லையோ, சாப்பிடப் போனாலும் திறந்தே இருந்தது. பில்லிங் கௌசல்யா மானிட்டர்மேல் கைக்குட்டையே விரித்துவிட்டுப் போனாள். ஸ்டோர்ஸில் ஒருத்தர் மூன்று நாள் வேளாங்கண்ணிக்குப் போனார். போகும்போது பக்கத்து ஆளிடம், “இடத்தைப் பாத்துக்கப்பா” என்று ஒப்படைத்துவிட்டுப் போனார். மாதாவிடம் என்ன வேண்டினாரோ, மூன்று நாளும் அவர் இடம் பத்திரமாக இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் ஒரு வழி பண்ணினார். கால் மணி நேரம் எந்த எழுத்தும் தட்டாமல் சும்மா கிடந்தால் தானாக வெளியே தள்ளும்படி வைத்தார். இரண்டே நாள். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஆளில்லாத அலுவலகத்தைச் சுற்றி வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வரிசையாக, இடம் பிடித்திருந்த எல்லா மேஜையிலும், நீளமான அந்த இடைவெளிப் பட்டன்மேல், பூ நிறுக்கும் நூறு கிராம் எடைக்கல் உட்கார்ந்திருந்தது. பட்டன் அமுங்கியே கிடக்க, மதுரையில் இருக்கிற கம்ப்யூட்டர், ‘இவர் ஓயாமல் உழைக்கிறார்’ என்று நம்பிக்கொண்டிருந்தது. விலாசம் எழுதும் கட்டங்களில் வெறும் வெற்றிடம் ஓடிக்கொண்டே இருந்தது. பட்டன்களின் இடுக்கில் காய்ந்த பூக்காம்பு, முறுக்குத் தூள், எண்ணெய்ப் பிசுக்கு. அவருக்கு வாயில் கசந்தது.

முதலாளியிடம் சொன்னார். சோலைமலை எல்லோரையும் கூப்பிட்டு, “வாத்தியார் சொல்றபடி கேளுங்க, வெக்கமா இல்ல?” என்று சத்தம் போட்டார். எடைக்கற்கள் ஒரு மணி நேரம் இழுப்பறைக்குள் இருந்தன.

வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள். காலை பத்தேகாலுக்கு ஏஞ்சலினின் செல்போன்.

“சார், பழசுல இடம் இல்லேங்குது சார். ஒம்போதரையிலருந்து தட்டிக்கிட்டே இருக்கேன்.”

“எத்தனை பெட்டி?”

“அறுவத்தி ரெண்டு. ஐஸ் வச்சாச்சு. டிரைவரு பதினொண்ணரைக்குக் கெளம்பலேன்னா திருச்சியில ஏத்த மாட்டாங்கங்கறாரு. ஏஜெண்டு, கோப்பு வராம வண்டிய உள்ளயே விட மாட்டேன்னுட்டாரு. என்ன சார் பண்ண?”

முகூர்த்த நாளுக்கு மல்லிகை தேவைப்படுவது அன்றைக்குத்தான். மறுநாள் போனால் அது குப்பை. அதைவிட, மொட்டு யார் சொன்னாலும் கேட்காது. சாயங்காலத்துக்குள் குளிரில் ஏறவில்லையென்றால் பெட்டிக்குள்ளேயே வாய் திறந்துவிடும்.

“லைன்லயே இரும்மா” என்று சொல்லிவிட்டு ஸ்தனிஸ்லாஸ் தன் திரையில் பட்டியலைப் பார்த்தார். பழசில் ஆறு பேர். முதல் பெயர் சோலைமலை. மூன்று நாளாக வெளியே வரவேயில்லை, இந்த நிமிடமும் தட்டிக்கொண்டிருக்கிறார் என்றது பட்டியல். ஆனால் சோலைமலை காலையிலேயே பெருமாளைச் சேவிக்க தாடிக்கொம்புக்குப் போய்விட்டார். கேபின் பூட்டியிருந்தது. செல்போன் அணைந்திருந்தது. கோயிலில் கும்பிட்டுக்கொண்டே கேபினில் தட்டச்சும் செய்கிற முதலாளி.

மற்ற ஐந்து பேரிடம் போனார்.

“கௌசல்யா, செத்த நேரம் பழசை மூடும்மா. நிலக்கோட்டையில பூ நிக்கிது.”

“நான் எந்திரிச்சா இன்னிக்கு மறுபடி ஒக்கார முடியாது சார். ஏன், ஸ்டோர்ஸ்காரரை எந்திரிக்கச் சொல்லுங்களேன். அவரு சீட்டாட்டம்ல ஆடிக்கிட்டு இருக்காரு.”

“நானா?” என்றார் ஸ்டோர்ஸ்காரர். “சீட்டாட்டம் நம்ம கம்ப்யூட்டர்ல ஆடுறேன் சார். பழசு சும்மாதான் தொறந்து கெடக்கு, அதத் தொடவே இல்ல.”

“தொடலேன்னா மூடுங்களேன்.”

“தொடாம இருக்கிறதை எதுக்கு சார் மூடணும்?”

ஏஞ்சலின் காதுக்குள், “பத்து அம்பது சார்” என்றாள்.

திரும்பி வந்து, யோசித்து, முதலாளியின் பெயரிலேயே கையை வைத்தார். வெளியேற்று என்று அழுத்தினார். இடம் காலியானது. “தட்டும்மா, தட்டு!” என்று போனில் கத்தினார்.

“வருது சார்… வருது… இடம் இல்லேங்குது சார்!”

பட்டியலில் புதுப் பெயர். பிரபு. முதலாளியின் தங்கை மகன். என்ன வேலை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

“தம்பி, இப்ப பழசுக்குள்ள போனீங்களா?”

“ஆமா சார். திடீர்னு ஒரு எடம் காலியாச்சு. மாமாவுக்கு ஆகும்னு புடிச்சு வச்சேன்.” அவன் முகத்தில் நல்ல காரியம் செய்தவனின் ஒளி.

ஸ்தனிஸ்லாஸ் தன் திரைக்கு ஓடினார். அவனையும் வெளியேற்றினார். அடுத்த கணம் கௌசல்யாவின் பக்கத்து மேஜை உள்ளே இருந்தது. திண்டுக்கல்லில் அகன்ற பிராட்பேண்ட் லைன், தட்டின உடனே உள்ளே போகும். நிலக்கோட்டையில் டெலிபோன் லைன், கொர்ரென்று இருமிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் யாராவது குந்திவிடுகிறார்கள். வேலை இருக்கிறவளுக்கு மாட்டு வண்டி. வேலை இல்லாதவர்களுக்கெல்லாம் கார்.

அப்பாஸுக்குப் போன் போட்டார்.

“பாய், நான் இங்க திண்டுக்கல் லைனையே புடுங்கப் போறேன். புடுங்கின உடனே பழசுல இருக்கிற எல்லாரையும் நீங்க அங்கருந்து வெளிய தள்ளிருங்க. நிலக்கோட்டை மட்டும் உள்ள வரும்.”

“சார், உங்க முதலாளியையே வெளிய தள்ளியிருக்கீங்க. அப்புறம் மெஷின் படுத்துருச்சு, அப்பாஸ் சரியில்லைன்னு பேச்சு வரும். மதுரையில எனக்கு நாலு கம்பெனி இருக்கு, பேரு போனா போச்சு.”

“உங்க மேல பழி வராது. நான் பொறுப்பு.”

“உங்க வார்த்தைக்காகச் செய்யறேன் சார்.”

ஸ்தனிஸ்லாஸ் கூடத்தின் நடுவில் நின்று, “ரெண்டு நிமிஷம். எல்லாரும் சேவ் பண்ணிக்கிருங்க” என்று கத்தினார். யாரும் நிமிரவில்லை. சுவரோரம் பச்சை விளக்கு மினுக்கிய பெட்டியிடம் போய், இரண்டு நிமிடம் சொன்னபடி நின்று, பின்னால் இருந்த வயரைப் பிடுங்கினார். இருபத்திரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. மூன்று மாதத்தில் அந்த அலுவலகம் ஒன்றாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

“ஐயோ என் எடம்!” என்றாள் கௌசல்யா. என் வேலை என்று அவள் சொல்லவில்லை.

வயரைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஸ்தனிஸ்லாஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். திட்டினார்கள், கெஞ்சினார்கள், பிரபு வந்து, “மாமா வந்தா தெரியும்” என்றான். வயர் கையைவிட்டுப் போகவில்லை. பதினொன்று பதினைந்துக்கு ஏஞ்சலின், “பழசு போயிருச்சு சார். ஏஜெண்டு கெடைச்சிருச்சுங்கறாரு” என்றாள். பதினொன்று இருபத்தெட்டுக்குப் புதுசும் போனது. வண்டி கிளம்பும் சத்தத்தை அவள் போனை ஜன்னல் பக்கம் நீட்டிக் கேட்க வைத்தாள். ஒரு பெட்டியும் நிற்கவில்லை.

சோலைமலை ஒரு மணிக்கு நெற்றியில் திருமண்ணோடு வந்தார். கௌசல்யாவும் ஸ்டோர்ஸ்காரரும் வாசலிலேயே ஒப்பித்துவிட்டார்கள். கேபினைத் திறந்து உட்கார்ந்து, பிரபுவையும் ஸ்தனிஸ்லாஸையும் மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார்.

“பூ போயிருச்சுல்ல?”

“போயிருச்சு முதலாளி.”

“பெறகென்ன.” கோபமே இல்லை. ஸ்தனிஸ்லாஸுக்கு அது நல்லதாகப் படவில்லை. “இப்ப ஒண்ணு பண்ணுங்க வாத்தியாரே. அப்பாஸோட மெஷின் படுத்துருச்சு, அதனால பூ நிக்கப் பாத்துச்சுன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. அத வச்சு அவர்கிட்ட ஓசியில ஆறு இடம் கறந்துரலாம். பழசுல மூணு, புதுசுல மூணு.”

“மெஷின் படுக்கல முதலாளி. ஆளுங்கதான் எந்திரிக்கல.”

“அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவருக்கு எதுக்குத் தெரியணும்?”

“அவருக்கும் தெரியும். அவருதான் எனக்காகத் தள்ளிவிட்டாரு. பழி வராதுன்னு சொல்லியிருக்கேன்.”

“சொன்னது நீங்க. நான் சொல்லலையே.” சோலைமலை பெருமூச்சு விட்டார். “என் எடத்துலயே கை வச்சிருக்கீங்க. வேற ஆளா இருந்தா இந்நேரம் பேச்சே இருக்காது. எழுதிக் குடுத்துட்டு நாளைக்கும் வாங்க.”

தோளிலிருந்து துண்டை எடுத்துத் தன் வலது கையை மூடிக்கொண்டு மேஜைமேல் நீட்டினார். “எத்தனை மணி நேரம் படுத்துச்சுன்னு எழுதலாம்? நான் அஞ்சுன்னு நெனைக்கிறேன். உங்க மனசு சங்கடப்பட்டா மூணு போடுங்க. மூணுக்குக் கீழ வராதீங்க, கடுதாசிக்கு மதிப்பிருக்காது.”

பொய்யின் நீளத்துக்கும் விரல் கணக்கு. ஸ்தனிஸ்லாஸின் பார்வை மேஜையின் ஓரத்துக்குப் போனது. முதலாளியின் கம்ப்யூட்டரில், இடைவெளிப் பட்டன்மேல், நூறு கிராம் எடைக்கல் ஒன்று சுகமாக உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் தூசி அதன்மேல். திரையில் பெயர் கேட்கும் கட்டத்துக்குள் ஒன்றுமில்லாதது ஓடிக்கொண்டே இருந்தது.

ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கல்லை எடுத்தார். பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. துண்டுக்கடியில் கையை விட்டு, காத்திருந்த உள்ளங்கையில் அதை வைத்து, முதலாளியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

“இதுக்குக் கீழ என்னால வர முடியாது முதலாளி.”

சோலைமலை துண்டுக்குள்ளேயே அதைத் தடவிப் பார்த்தார். என்ன என்று புரிந்ததும் முதல்முறையாக அவர் முகத்தில் ஏதோ தெரிந்தது. வெட்கம் இல்லை. கல்லின் எடை சரியாக இருக்கிறதா என்கிற சந்தேகம்.

“வெளிய போனா இந்த ஊர்ல உங்களுக்கு எவன் வேலை குடுப்பான்னு யோசிச்சீங்களா?”

“யோசிச்சுட்டேன்.”

யோசித்திருக்கவில்லை. ஐரினிடம் என்ன சொல்வது என்றுதான் கேபின் கதவைத் திறக்கும்போது ஓடியது. முதலில் ஏஞ்சலினுக்கும் அப்பாஸுக்கும் போன் போட வேண்டும். நாளையிலிருந்து வயரைப் பிடுங்க அங்கே ஆள் இருக்காது.

டிபன் டப்பாவை எடுக்கத் தன் மேஜைக்குப் போனார். கேபினிலிருந்து அவருக்கு முன்னால் பிரபு எப்போது நழுவினான் என்று கவனிக்கவில்லை. அவருடைய நாற்காலியின்மேல் மடித்த கைக்குட்டை ஒன்று கிடந்தது. ஓரத்தில் சிவப்பு நூலில் ‘பி’ போட்டிருந்தது. பூ வாசம் அடித்தது.

ஸ்தனிஸ்லாஸ் அதைத் தொடவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, குனிந்து டப்பாவை எடுத்துக்கொண்டு, கையைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.